மறுப்பதற்கு இடமுள்ள சம்மதம்

நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் பகுதியில் பௌவரி என்றொரு வீதி உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், வேலையை இழந்து, குடும்பத்தைப் பிரிந்து, மதுவுக்கு அடிமையாகி, வேறு போக்கிடமின்றித் திரிந்த ஆடவர்கள் பெருந்தொகையாய் அங்கே வந்து அடைந்திருந்தார்கள். சில காசுகளைக் கொடுத்தால் ஓர் இரவு படுத்துறங்க இடம் தரும் மலிவு விடுதிகளே அவர்களுக்கு வீடு. 1951ஆம் ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிறுநீரியல் நிபுணரான டாக்டர் பெர்ரி ஹட்சன் இந்த விடுதிவாசிகளை நாடி, தம் ஆராய்ச்சிக்கு உடன்படுகிறவர்களுக்குச் சில நாள் சுத்தமான படுக்கையும், வேளை தவறாத உணவும், இலவச வைத்தியமும் கிடைக்கும் என்று அறிவித்தார். 1966 வரை நீடித்த அந்த ஆராய்ச்சிக்கு 1,200க்கும் மேற்பட்டவர்கள் உட்படுத்தப்பட்டார்கள். மருத்துவ சரித்திரத்தில் பௌவரி வரிசை என்ற பெயரால் குறிக்கப்படும் இச்சம்பவம், சரித்திர ஆசிரியர் ராபர்ட் அரோனோவிட்ஸ் விரிவாக எழுதி வெளிப்படுத்தும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலோர் நினைவிலிருந்து மறைந்து கிடந்தது.

அந்த மனிதர்களிடம் வைத்தியர் தேடியது என்ன என்பதை அறிந்துகொண்டால்தான், அவர்களுக்கு நேர்ந்தது எத்தகையது என்பது விளங்கும். ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மூத்திரக்குழாயின் தொடக்கத்தைச் சுற்றி, பெரிய நெல்லிக்காயளவில் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. அதில் தோன்றும் புற்று, வெகுகாலம் வெளியே எவ்வித அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, எலும்புகளுக்குப் பரவி வலி கண்ட பிறகே தன்னை அறிவித்துக்கொள்ளும் இயல்புடையது. அந்நாளில் அப்படி வந்து சேர்ந்த நோயாளிகளுக்கு வைத்தியர் செய்யக்கூடியது மிகக் குறைவாகவே இருந்தது. அறிகுறி தோன்றுவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடித்து, சுரப்பியை முழுவதும் அகற்றிவிட்டால் உயிர் பிழைக்குமா என்பது ஹட்சனின் கேள்வி. கேள்வி நியாயமானது, அவசியமானதும்கூட. ஆனால் இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை அளந்து சந்தேகம் கொள்ளச் செய்யும் பி.எஸ்.ஏ. பரிசோதனை அக்காலத்தில் இல்லையாதலால், வெளித்தோற்றத்தில் ஆரோக்கியமாயுள்ள ஒருவனது சுரப்பிக்குள்ளே புற்று இருக்கிறதா என்று நிச்சயமாய்த் தெரிந்துகொள்ள வேண்டுமாயின், அதைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் அவருக்குப் புலப்படவில்லை.

திறந்து பார்ப்பது என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அதைச் சற்று அருகில் நின்று பார்ப்பதே நேர்மையாகும். மனிதனை மல்லாக்கக் கிடத்தி, கால்களை உயர்த்திக் கட்டி, விரைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் கத்தியால் கீறி, தசைகளை விலக்கி, குடலின் கடைசிப் பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, சுரப்பியின் பின்புறத்தை வெளிப்படுத்தி, அதிலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுப்பார்கள்; எடுத்த துண்டைச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். புற்று காணப்பட்டால் சுரப்பி நீக்கப்படும், விரைகளும் அகற்றப்படும், அதற்குமேல் ஈஸ்ட்ரோஜன் மருந்தும் கொடுக்கப்படும். சுரப்பியை ஒட்டி இருபுறமும் ஓடும் மெல்லிய நரம்புக் கற்றைகளே ஆடவனின் புணர்ச்சித் திறனுக்கு ஆதாரம் என்பது அக்காலத்து அறுவை வைத்தியர்களுக்குத் தெரியாது. அவற்றைக் காப்பாற்றி அறுக்கும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பாட்ரிக் வால்ஷ் கையாண்டது 1982ஆம் ஆண்டில்தான். ஆயினும், நரம்பின் இருப்பிடம் தெரியாதே ஒழிய, இத்தகைய அறுவையால் ஆண்மை இழப்பு நேரும் என்பதும், குடல் கிழிந்துபோகக்கூடும் என்பதும் வைத்தியர்கள் நன்கு அறிந்தவையே. அவை அந்த மனிதர்களுக்குச் சொல்லப்படவில்லை. புற்று கண்டுபிடிக்கப்பட்டு இவ்வளவும் செய்யப்பட்டாலும் ஆயுள் நீளும் என்பதற்கு உறுதியில்லை என்பதும் சொல்லப்படவில்லை.

ஹட்சனைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால் நம் மனம் ஆறுதல் அடையலாம், விஷயம் தெளிவாகாது. அவர் இரகசியமாக எதையும் செய்யவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதி அவருக்குக் கிடைத்தது, முடிவுகள் வைத்திய சஞ்சிகைகளில் பிரசுரமாயின, சகாக்கள் படித்தார்கள். வீதியில் கிடப்பவர்களுக்குத் தாம் நல்ல வைத்தியம் அளிப்பதாகவே அவர் மனப்பூர்வமாய் நம்பினார் என்று கொள்வதற்கு இடமுண்டு. என்னைக் கலங்கச் செய்வது அந்த நம்பிக்கைதான். நோயாளியைக் காப்பதற்கு வைத்தியரின் நல்லெண்ணம் ஒன்றே போதுமென்றால், பௌவரி மனிதர்களுக்கு அந்தக் காப்பு இருந்தது; அது அவர்களைக் காக்கவில்லை. அவர்கள் சரி என்று சொன்னதும் மெய்யே. ஆயினும், குளிர்காலத்து நியூயார்க்கில் இன்றிரவு எங்கே படுப்பது என்று அறியாத ஒருவனிடம், ஒரு கையில் உணவையும் மற்றொரு கையில் சம்மதப் பத்திரத்தையும் நீட்டுகிறபோது, அவனுக்கு மறுப்பதற்கு என்ன இடம் மிஞ்சியிருக்கிறது? மறுக்க இயலாதவன் தருகிற சம்மதத்தைச் சம்மதம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

இதில் இன்னொரு குறையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அறுவை செய்யப்பட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அறுவை செய்யப்படாத ஒரு தொகுதி இந்த ஆராய்ச்சியில் இல்லை. வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடல்களைச் சோதித்தபோது, ஐம்பது வயதைக் கடந்த ஆடவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, வாழ்நாளில் அவர்களுக்குத் தெரியாமலேயே இச்சுரப்பியில் சிறு புற்று ஒளிந்திருந்ததை 1954இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிராங்க்ஸ் என்னும் நோய்க்குறியியல் அறிஞர் எடுத்துக்காட்டியிருந்தார். அப்படியிருக்க, அறுவைக்குப் பின் பிழைத்திருந்த ஒருவன் அறுவையால் பிழைத்தானா, அறுக்காமல் விட்டிருந்தாலும் பிழைத்திருப்பானா என்பதை எப்படி நிர்ணயிப்பது? இத்தனை பேருடைய உடலைத் திறந்தும் அந்த அடிப்படைக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாளேனும், அந்த ஆராய்ச்சியோடு தொடர்பற்ற சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இதனால் எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்று ஹட்சனைக் கேட்டிருந்தால், விஞ்ஞானக் குறையும் தர்மக் குறையும் ஒருங்கே வெளிப்பட்டிருக்கும்.

அப்படிக் கேட்கும் ஏற்பாடு உலகத்துக்குத் தெரியாத ஒன்றா என்றால், சம்மதம் பெறவேண்டும் என்ற விதியாவது பழையதுதான். ஜெர்மானிய வைத்தியர் ஆல்பர்ட் நைஸர், மேகநோய் கண்டவர்களின் இரத்தநீரை விலைமாதர் சிலருக்கு அவர்கள் அறியாமல் செலுத்திப் பார்த்த செய்தி 1898இல் வெளியாகிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று; அதன் விளைவாக 1900ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய அரசாங்கம், விளைவுகளை விளக்கிச் சம்மதம் பெறாமல் மனிதர்மீது சோதனை கூடாது என்று ஆணை பிறப்பித்தது. 1931இல் ஜெர்மனி அதனினும் விரிவான விதிகளை இயற்றியது. அந்த விதிகள் ஏட்டில் இருக்கும்போதே அந்நாட்டு முகாம்களில் நடந்த கொடுமைகளை உலகம் அறியும். 1947இல் நியூரெம்பர்க் நீதிமன்றம் வகுத்த பத்து நெறிகளில் முதலாவது, சோதனைக்குட்படுபவரின் சுயேச்சையான சம்மதம். ஆயினும் வெற்றிபெற்ற நாடுகளின் வைத்தியர்களில் பலர், அது நாஜிகளுக்காக எழுதப்பட்டது, நமக்கன்று, என்றே எண்ணியிருந்தார்கள் போலும். நான்கே ஆண்டுகள் கழித்துப் பௌவரியில் வேலை தொடங்கியது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் தன் பிரகடனத்தை வெளியிட்டது. 1966இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹென்றி பீச்சர், அமெரிக்காவின் பெயர்பெற்ற ஸ்தாபனங்களில் நடந்த 22 ஆராய்ச்சிகளை எடுத்துக்காட்டி, இவை தர்மத்துக்கு ஒவ்வாதவை என்று துணிந்து எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, தன் நிதியைப் பெறும் ஆராய்ச்சிகள் யாவும் மனிதர்மீது தொடங்கப்படுவதற்கு முன்பு, அந்த ஆராய்ச்சியாளர் அல்லாத வேறு சிலரால் பரிசீலிக்கப்படவேண்டும் என்று கட்டளையிட்டது. இன்று நாம் நெறிமுறைக் குழு என்று வழங்குவதற்கு அதுவே அஸ்திவாரம்.

அக்குழுவின் அமைப்பைப் பார்த்தாலே அதன் நோக்கம் புலனாகும். இந்தியாவில் நடப்பிலுள்ள 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, குழுவில் ஏழு பேருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அவர்களில் சரிபாதியேனும் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாய் இருக்கவேண்டும். தலைவரும் வெளியாராகவே இருக்கவேண்டும். ஒரு சட்ட அறிஞர், ஒரு பெண், வைத்தியமோ விஞ்ஞானமோ தொழிலாகக் கொள்ளாத ஒரு சாமானியர் ஆகியோர் கட்டாயம் இடம்பெறவேண்டும். சாமானியரை எதற்காக உட்கார வைத்தார்கள்? நோயாளியின் கையில் கொடுக்கப்போகும் தாளை அவர் படித்துப் பார்த்து, இந்த வரி எனக்குப் புரியவில்லை, எனக்கே புரியாதது படுக்கையில் கிடப்பவருக்கு எப்படிப் புரியும் என்று கேட்பதற்காக. குழுவிலுள்ள அத்தனை நிபுணர்களின் கேள்விகளிலும் அதுவே பயனுள்ளது என்று நான் கருதுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி அருகிலிருந்து, எல்லாம் அவருடைய மொழியில் விளக்கப்பட்டதா என்று கேட்டிருந்து கையொப்பமிட வேண்டும்.

தாளும் சாட்சியும் ஒழுங்காய் அமைந்துவிட்டால் சம்மதம் மெய்யாகிவிடுமா? இதற்கு விடை தந்த ஆராய்ச்சியும் இதே சுரப்பியைப் பற்றியதாகவே அமைந்தது. பிரிட்டனில் ப்ரொடெக்ட் என்ற பெயரில், ஃபிரெட்டி ஹம்டி, ஜென்னி டோனவன், டேவிட் நீல் ஆகியோர் தலைமையில் நடந்த ஆய்வு அது. 1999க்கும் 2009க்கும் இடையே, 50 முதல் 69 வயதுவரையுள்ள 82,429 ஆடவர்களுக்குப் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யப்பட்டது, அவர்களில் 2,664 பேருக்கு, சுரப்பியை விட்டு வெளியே பரவாத புற்று இருப்பது தெரிந்தது. அவர்கள்முன் மூன்று மார்க்கங்கள் இருந்தன: அறுவை, கதிர்வீச்சு, உடனே எதுவும் செய்யாமல் அடிக்கடி பரிசோதித்துக் கண்காணித்துவருதல். எது சிறந்தது என்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது. வைத்தியருலகம் முழுமைக்கும் மெய்யாகவே விடை தெரியாத அந்த நிலையில் மட்டுமே, இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் நிர்ணயிப்பது தர்மமாகும். விடை தெரிந்திருந்தும் குலுக்கிப் போடுவது துரோகம்.

புற்று இருக்கிறது என்று நேற்றுக் கேள்விப்பட்ட ஒருவரிடம், உம்முடைய சிகிச்சையைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்று கேட்பது எளிய காரியமன்று. தொடக்கத்தில் பலர் மறுத்தார்கள். ஏன் மறுக்கிறார்கள் என்பதை அறிய, சமூக ஆராய்ச்சியாளரான டோனவனும் அவருடைய குழுவினரும், வைத்தியரும் செவிலியரும் நோயாளியோடு பேசும் பேச்சையே, அவரவர் அனுமதியுடன், ஒலிநாடாவில் பதிவு செய்து ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டார்கள். கேட்கக் கேட்க உண்மை வெளிப்பட்டது. விளக்குகிறவர் முதலில் அறுவையைப் பற்றியும் அடுத்துக் கதிர்வீச்சைப் பற்றியும் விஸ்தாரமாய்ப் பேசிவிட்டு, கண்காணிப்பைக் கடைசியில், தயங்கித் தயங்கி, இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். மூன்றும் சமம் என்று தாளில் அச்சிட்டிருந்தாலும், மூன்றும் சமமல்ல என்று அவருடைய குரல் சொல்லிவிடும். கண்காணிப்புக்கு அப்போது வழங்கிய பெயரோ, நான் சாவதை இவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற பொருளையே சில நோயாளிகளுக்குத் தந்தது. தமக்கே எது நல்லது என்று தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லப் பல வைத்தியர்கள் கூசினார்கள்.

பிறகு முறை மாற்றப்பட்டது. கண்காணிப்பை முதலில் வைத்து, எப்போதெல்லாம் இரத்தம் சோதிக்கப்படும், எந்தக் கட்டத்தில் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ மாறலாம் என்பதை விவரமாய்ச் சொன்னார்கள், பெயரையும் மாற்றினார்கள், மூன்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தார்கள், நோயாளியை இடைமறிக்காமல், அவர் மனத்தில் முன்பே குடிகொண்டிருந்த அச்சம் என்ன என்று கேட்டறிந்தார்கள். குலுக்கலுக்கு உடன்பட்டவர்கள் நூற்றுக்கு 40 என்பதிலிருந்து 70 ஆக உயர்ந்தார்கள். நிர்ப்பந்தம் கூடியதால் அன்று, விளக்கம் கூடியதால் நேர்ந்த உயர்வு இது. உடன்படாதவர்கள் தாம் விரும்பிய சிகிச்சையைத் தாமே தெரிந்தெடுத்துக்கொண்டார்கள். மறுத்ததற்காக ஒருவருக்கும் ஒரு குறையும் வைக்கப்படவில்லை. முடிவில் குலுக்கலுக்கு இசைந்தவர்கள் 1,643 பேர்.

அவர்கள் தந்த சம்மதத்தால் உலகம் பெற்ற லாபத்தை 2023இல் வெளியான பதினைந்தாண்டுக் கால முடிவுகள் காட்டுகின்றன. மூன்று தொகுதிகளிலும் சேர்த்து, புராஸ்டேட் புற்றினால் இறந்தவர்கள் 45 பேர்: கண்காணிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 3.1, அறுவை செய்துகொண்டவர்களில் 2.2, கதிர்வீச்சுப் பெற்றவர்களில் 2.9. புள்ளியியலார் கணக்கில் இவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கண்காணிக்கப்பட்டவர்களில் நோய் வேறிடம் பரவியது அதிகம் என்பது மெய்; அறுவை செய்துகொண்டவர்களிடையே சிறுநீர் அடங்காமையும் ஆண்மைக் குறைவும் அதிகம் என்பதும் மெய். கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 61 பேர் பதினைந்து ஆண்டுகளுக்குள் வேறு சிகிச்சைக்கு மாறியிருந்தார்கள். முதல் நாளிட்ட கையொப்பம் அவர்களைக் கட்டிப்போடவில்லை. ஹட்சன் விடுதிகளில் தேடிக் கிடைக்காத விடையின் பெரும்பகுதியை, மறுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே இசைந்த இந்த மனிதர்கள் கொடுத்தார்கள்.

ஒருவர் தம் உடலைப் பற்றித் தரும் சம்மதம் இவ்வாறிருக்க, உடலிலிருந்து பிரித்தெடுத்த துண்டைப் பற்றிய சம்மதம் இன்னமும் சிக்கலானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிறுநீரியல் அறுவை நிபுணராயிருந்த வில்லியம் காட்டலோனா, பி.எஸ்.ஏ. பரிசோதனையை நோயைக் கண்டறியப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி. பல ஆண்டுகளாய் அவரும் சகாக்களும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் இரத்தத்தையும் அறுத்தெடுத்த திசுக்களையும் ஆராய்ச்சிக்கெனச் சேமித்துவந்தார்கள். 2003இல் அவர் சிகாகோப் பக்கத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, தம் நோயாளிகளுக்குக் கடிதமெழுதி, உங்கள் திசுக்களை என்னிடம் ஒப்படைக்குமாறு சொல்லுங்கள் என்று கேட்டார். ஏறக்குறைய 6,000 பேர் அப்படியே கையெழுத்திட்டு அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. தம் வைத்தியரை நம்பிக் கொடுத்தோம் என்பது நோயாளிகளின் கட்சி. ஆராய்ச்சிக்கென்று ஸ்தாபனத்துக்குத் தானமாய்க் கொடுத்துவிட்டீர்கள் என்பது எதிர்க்கட்சி. 2006இல் மாவட்ட நீதிமன்றமும் 2007இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தன: நோயாளி ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளலாம், ஆனால் கொடுத்த பொருளை வேறோர் இடத்துக்கு மாற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கில்லை.

சட்டப்படி அத்தீர்ப்பு சரியாயிருக்கலாம். ஆராய்ச்சிச் சேமிப்புகள் சிதறிப்போகாமல் காப்பதற்கு அது தேவையாயும் இருக்கலாம். எனினும், கையொப்பமிட்ட அந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்குத் தாம் கொடுப்பது தானம், அது யாருக்கான தானம் என்பது விளக்கப்பட்டிருக்கும் என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. விலகிக்கொள்ளலாம் என்ற உரிமைக்கு, எடுத்த திசுவை அழித்துவிடுவார்களா, பெயரை நீக்கிவிட்டு வைத்துக்கொள்வார்களா என்ற விவரம் இல்லாமல் பொருளில்லை. ஆகவே திசுச் சேமிப்புக்கான பத்திரத்தைப் பரிசீலிக்கும் குழுவினர், அது யாருடைய பொறுப்பில் இருக்கும், வைத்தியர் இடம் மாறினால் என்ன ஆகும், பிற்காலத்தில் இன்னும் நினைத்துப் பாராத ஆராய்ச்சிகளுக்கும் அதைப் பயன்படுத்தலாமா என்பவற்றைத் தனித்தனியே கேட்டு எழுதவேண்டும் என்பது என் துணிபு.

மரபணு விஞ்ஞானம் வந்தபின் இதற்கு மேலும் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுவில் பிறவிப் பிழை உள்ள ஆடவர்களுக்குப் புராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பு மிகுதி. வந்தால் அது கடுமையாய் இருப்பதும் மிகுதி. அந்தப் பிழை அவருடைய மகனுக்கும் மகளுக்கும், இருவரில் ஒருவருக்கு என்ற வாய்ப்பில் இறங்குகிறது. மகளுக்கு இறங்கினால் மார்பிலும் சூலகத்திலும் புற்று வரும் அபாயம் கூடுகிறது. ஆராய்ச்சிக்கென்று தந்தை கொடுத்த ஒரு துளி இரத்தத்தில், எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாத பிள்ளைகளின் செய்தியும் அடங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர் யாரிடம் சொல்வது? தந்தை அதைத் தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால் என்ன செய்வது? அவர் காலமாகிவிட்டிருந்தால் மகளைத் தேடிச் சென்று சொல்லலாமா? இரத்தம் எடுப்பதற்கு முன்பே, உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ முக்கியமான செய்தி ஏதேனும் தெரியவந்தால் அதை உங்களுக்கு அறிவிக்கலாமா, நீங்கள் இல்லாவிட்டால் யாருக்கு அறிவிக்கலாம் என்று கேட்டு, விடையை அவர் கையாலேயே குறித்து வாங்குவதற்கு இப்போது சில பத்திரங்களில் இடம் விடுகிறார்கள். இடம் விடாத பத்திரத்தை அனுமதிக்காமல் திருப்பியனுப்பும் அதிகாரம் நெறிமுறைக் குழுவுக்கு இருக்கிறது.